ஏழிலைப்பாலை நிழலில்

மண்ணும் வண்ணமும் – 11

1932ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். சாந்திநிகேதனில் வர்ஷாமங்கலத்துக்கான ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன. மழைக்காலத்தைப் பாட்டும் நடனமுமாக வரவேற்கும் விழா அது. அந்த நேரத்தில் ஜெர்மனியிலிருந்து துக்கச் செய்தி வந்தது. தாகூரின் மகள் மீராவின் ஒரே மகன் நிதீந்திரநாத் அங்கே இறந்துபோனான். அச்சுத்தொழில் கற்கப் போன பிள்ளை. காசநோய் கொண்டுபோய்விட்டது.

இந்த ஆண்டு விழா வேண்டாமே என்று பலரும் தாகூரிடம் சொன்னார்கள். 71 வயதுக் கிழவர் மறுத்துவிட்டார். தன் துக்கத்தைத் தான் சுமந்துகொள்வதாகவும், அதற்காக மழையின் விழா நிற்பது நடவாத காரியம் என்றும் சொன்னார். அந்த மாதக் கடைசியில் மகளுக்கு எழுதிய கடிதத்தில் இதைக் குறிப்பிட்டுவிட்டு, 25 ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் இரவைப் பற்றியும் எழுதினார். அந்த இரவைப் புரிந்துகொள்ளாமல் சாந்திநிகேதனின் பருவ விழாக்களைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம். வெளியூரிலிருந்து போகிறவர்கள் மஞ்சள் புடவையும் வண்ணப்பொடியுமாக வசந்த விழாவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அதன் தொடக்கத்தில் ஒரு சிறுவன் இருக்கிறான்.

அவன் பெயர் சமீந்திரநாத். வீட்டில் சமி. தாகூரின் கடைசிப் பிள்ளை. 1901 டிசம்பரில் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கியது. மறு ஆண்டே தாகூரின் மனைவி மிருணாளினி காலமானார். அடுத்த ஆண்டு மகள் ரேணுகா. 1905இல் தந்தை தேவேந்திரநாத். இப்படிச் சாவு மேல் சாவு விழுந்த வீட்டில் தாயில்லாமல் வளர்ந்த பையன் அவன். 1907இல் ஸ்ரீபஞ்சமி அன்று சமியும் பள்ளித் தோழர்களும் சேர்ந்து தாங்களாகவே ஒரு பருவ விழா நடத்தினார்கள். சமியும் இன்னும் சில பையன்களும் வசந்தமாக வேடம் போட்டார்கள். மற்றவர்கள் மழைக்காலமாகவும் சரத்காலமாகவும் வந்தார்கள். பத்து வயதுப் பிள்ளைகளின் விளையாட்டுத்தான். சாந்திநிகேதனின் பருவ விழாக்களுக்கெல்லாம் அதுவே முதல் விழா.

அதே ஆண்டு பூஜை விடுமுறைக்குச் சமி பீகாரில் உள்ள முங்கேருக்குப் போனான். அங்கே காலரா கண்டது. தகவல் கிடைத்துத் தாகூர் ஓடினார். பிள்ளை பிழைக்கவில்லை. வங்க நாட்காட்டியின்படி அக்ரஹாயண மாதம் 7ஆம் நாள். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவன் தாய் இறந்ததும் அதே நாள்.

மகனை அங்கேயே எரித்துவிட்டுத் தாகூர் ரயிலில் திரும்பினார். ஜன்னலுக்கு வெளியே வானம் முழுக்க நிலா வெளிச்சம். எங்கேயும் எதுவும் குறைந்துபோனதற்கான அடையாளமே அதில் இல்லை என்று அவர் மனத்துக்குப் பட்டது. எல்லாம் எல்லாவற்றுக்குள்ளும் இருக்கிறது, நானும் அதற்குள்தான் இருக்கிறேன், செய்யவேண்டிய வேலையும் மிச்சமிருக்கிறது என்ற நினைப்போடு அவர் ஊர் வந்து சேர்ந்தார். இதைத்தான் 25 ஆண்டு கழித்து, தானும் பிள்ளையைப் பறிகொடுத்து நின்ற மகளுக்கு எழுதினார்.

இந்தக் கடிதத்தை முதலில் படித்தபோது எனக்கு ஒப்பவில்லை. பிள்ளை செத்த மறுநாள் நிலவைப் பார்க்கிற மனசு எப்படிப்பட்டது என்றுகூடத் தோன்றியது. பிறகு அவர் அடுத்துச் செய்ததைப் பார்த்தேன். 1908இல் 'சாரதோற்சவம்' நாடகம் எழுதினார். சரத்கால விடுமுறையில் திரியும் பையன்களின் நாடகம். ஆசிரமப் பிள்ளைகளே அதை நடித்தார்கள். சமி தொடங்கிவைத்த விளையாட்டை அப்பா கையில் எடுத்துக்கொண்டார். அதன்பிறகு வசந்தோற்சவம், வர்ஷாமங்கலம் என்று வரிசையாக வந்தன. நிலா தானாக ஆறுதல் தந்துவிடவில்லை. அன்று கண்ட நிலாவைப் பிடித்துக்கொண்டு அவர் ஆயுள் முழுக்க வேலை செய்தார்.

மனசு சரியில்லாதவர்களிடம் 'நாலு நாள் ஊட்டிக்குப் போய்ட்டு வாங்க' என்று நாம் சொல்கிறோம். போய்விட்டு வருகிறார்கள். பெரிதாக ஒன்றும் மாறுவதில்லை. ஆண்டில் ஒரு முறை எட்டிப் பார்க்கிற மலை நம்மோடு பேசாது. சாந்திநிகேதனில் அதற்கு வேறு வழி வைத்தார்கள். வகுப்பு மரத்தடியில். வார விடுமுறை புதன்கிழமை. எந்த மரம் எப்போது உதிர்க்கிறது, எப்போது துளிர்க்கிறது என்பது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லாமலே தெரியும். நம்முடைய கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில்போல வங்கத்திலும் பருவம் ஆறு. நமக்கு அவை இலக்கண நூலில் இருக்கின்றன. அங்கே பள்ளி நாட்காட்டியில் இருக்கின்றன.

இத்தனைக்கும் அது செழித்த பூமி அல்ல. பீர்பூம் மாவட்டம் செம்புறை மண். வெயில் காலத்தில் 40 டிகிரி தாண்டும். மழைத்தண்ணீர் ஓடி ஓடி நிலத்தை அரித்து, சிவந்த பள்ளமும் மேடுமாக்கிப் போட்டிருக்கிறது. அந்த அரிநிலத்துக்கு அங்கே கோவாய் என்று பெயர். அங்கங்கே ஒற்றைப் பனை. 1863இல் தேவேந்திரநாத் தாகூர் இந்த இடத்தைக் குத்தகைக்கு எடுத்தபோது அந்தப் பொட்டலில் அவரை ஈர்த்தவை இரண்டு ஏழிலைப்பாலை மரங்கள்தான். அங்குள்ள விஸ்வபாரதி பல்கலைக்கழகத்தில் இன்றும் பட்டமளிப்பின்போது ஏழிலைப்பாலை இலையைக் கையில் கொடுக்கிறார்கள்.

அந்தப் பொட்டலில் பருவம் மாறுவது சட்டென்று கண்ணில் படும். சித்திரை, வைகாசியில் பிற்பகல் வரை காற்றே இருக்காது. பிறகு வடமேற்கில் கருக்கல் திரண்டு, புழுதியை வாரி இறைத்துக்கொண்டு கால்வைசாகிப் புயல் வரும். அரைமணி நேரத்தில் மரங்களை உலுக்கிவிட்டுப் போய்விடும். மழைக்காலம் ஓய்ந்ததும் வெள்ளைவெளேரென்று நாணல் பூக்கும். விடிகாலையில் பவழமல்லி தரையில் கொட்டிக் கிடக்கும். மாசி, பங்குனியில் இலையே இல்லாத கிளைகளில் புரசும் முள்ளிலவும் நெருப்பாகப் பூத்து நிற்கும்.

இந்த நிலத்தில்தான் 1919இல் கலாபவன் என்ற ஓவியப் பள்ளி தொடங்கியது. நந்தலால் போஸ் அதன் தலைவராக இருந்து ஒரு தலைமுறையை உருவாக்கினார். சட்டைப்பையில் எப்போதும் சிறு அட்டைகள் வைத்திருப்பார். நடக்கிற வழியில் கண்டதை அதில் வரைந்துகொள்வார். தபால் அட்டையில் படம் போட்டு மாணவர்களுக்கு அனுப்புவார். நந்தலாலைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இந்த வாரம் அவருடைய மாணவர் ஒருவரைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

பினோத் பிஹாரி முகர்ஜி 1904இல் பிறந்தார். பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை. இன்னொரு கண்ணில் கடுமையான கிட்டப்பார்வை. வேறு பள்ளிகளில் சரிப்படாமல் 1917இல் சாந்திநிகேதன் பள்ளிக்கு வந்து சேர்ந்தார். கலாபவன் தொடங்கியதும் அதன் முதல் மாணவர்களில் ஒருவரானார். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு எப்படிப் படம் போடுவான் என்று சந்தேகம் எழுந்தபோது, ஆர்வத்தோடு ஒழுங்காகச் செய்தால் செய்துவிட்டுப் போகட்டும் என்று அவரை விட்டுவைத்தவர் தாகூர்.

தூரத்தைப் பார்க்க முடியாத அந்த மனிதர் நிலக்காட்சி ஓவியரானார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பிரமிப்பு தீராது. ஓரிடத்தில் நின்று தொடுவானம் வரை அளந்து வரைய அவரால் முடியாது. நடந்து நடந்து, பக்கத்தில் போய்ப் போய், ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் நிலத்தை மனத்தில் சேர்த்துக்கொண்டார். அதனால்தானோ என்னவோ, நீளச் சுருள்களில் வரைவது அவருக்கு அவ்வளவு பிடித்தது. இருபது வயதில் அவர் வரைந்த சாந்திநிகேதன் காட்சிச் சுருள் 40 அடிக்கும் மேல் நீளம். நாமும் அதை நடந்துகொண்டேதான் பார்க்க வேண்டும்.

1940இல் கலாபவன் விடுதியின் உட்கூரையில் அவர் ஒரு படம் தீட்டினார். நடுவில் ஒரு குளம். அதைச் சுற்றி மரங்கள், குடிசைகள், ஆடு மாடுகள், வேலை செய்யும் ஆண்கள், பெண்கள். பீர்பூம் கிராமம் ஒன்று அப்படியே தலைக்கு மேலே விரிந்து கிடக்கிறது. இந்தப் படத்துக்கு மேல், கீழ் என்று எதுவும் கிடையாது. எந்தப் பக்கம் நின்று அண்ணாந்தாலும் அது நமக்கு நேரானதுதான். சாமியோ புராணமோ இல்லாமல், தினம் வாசலில் பார்க்கிற மரத்தையும் மாட்டையும் கூரைக்கு ஏற்றியிருக்கிறார். அந்த ஆண்டு மாணவராக வந்து சேர்ந்த ஓர் இளைஞரை இந்தக் கூரை அசத்திவிட்டது. அவர் பெயர் சத்யஜித் ரே.

1947இல் முடித்த இந்தி பவன் சுவரோவியம் அவருடைய ஆகப் பெரிய படைப்பு. இடைக்கால பக்தர்கள்தான் பொருள். கபீர், சூர்தாஸ், துளசிதாஸ், குரு கோவிந்த் சிங் எல்லாரும் இருக்கிறார்கள். அந்தப் பெருங்கூட்டத்தில் நம்முடைய ராமானுஜரும் இருக்கிறார். மூன்று சுவர்களில் மேற்பகுதி முழுக்க, ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல், அளவெடுத்த முழு மாதிரிப்படம் இல்லாமலே வரைந்தது. ஈரம் காய்வதற்குள் வரைந்தாக வேண்டும். தவறினால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். நதியின் ஓட்டம்போல மனிதர்கள் சுவரில் போய்க்கொண்டே இருக்கிறார்கள். உதவிய மாணவர்களில் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்று, பிறகு சாந்திநிகேதன் வந்த கே.ஜி. சுப்ரமணியனும் ஒருவர். பின்னாளில் இந்திய ஓவியத்தின் பெரிய பெயராக அவர் வளர்ந்தார்.

1949இல் பினோத் பிஹாரி சாந்திநிகேதனை விட்டுக் கிளம்பினார். நேபாளம், ராஜஸ்தான், மசூரி என்று சில ஆண்டுகள். கண்ணில் புரை வளர்ந்தது. டெல்லியில் அறுவை சிகிச்சை. அது பலிக்கவில்லை. 1957 வாக்கில் இருந்த ஒரு கண்ணும் போய்விட்டது. வயது 53.

1958இல் கலாபவனுக்கே திரும்பி வந்து கலை வரலாறு கற்பித்தார். கையும் சும்மா இருக்கவில்லை. காகிதத்தை மடித்தும் வெட்டியும் உருவங்கள் செய்தார். மெழுகில் சிற்பம் பிடித்தார். விரலால் இடம் அளந்து கோட்டுச் சித்திரம் போட்டார். 1972இல் கலாபவன் சுவர் ஒன்றுக்குப் பீங்கான் ஓட்டுச் சித்திரம் ஒன்றை வடிவமைத்தார். அதே ஆண்டு சத்யஜித் ரே தன் பழைய ஆசிரியரைப் பற்றி 'இன்னர் ஐ' என்ற ஆவணப்படம் எடுத்தார். இருபது நிமிடம்தான். கிடைத்தால் தவறவிடாதீர்கள். விரல்கள் காகிதத்தைத் தடவித் தடவி அளவு பார்ப்பதைக் கேமரா பொறுமையாகக் காட்டும். படத்தில் எங்கேயும் பரிதாபம் கிடையாது. பார்வை இழந்ததை ஒரு புதிய அனுபவமாக, புதிய வாழ்நிலையாக எடுத்துக்கொண்ட மனிதர் அவர். 1980இல் காலமானார். அவர் மகள் மிருணாளினி முகர்ஜி, சணல் கயிற்றை முடிச்சுப் போட்டுப் போட்டு ஆளுயரச் சிற்பங்கள் செய்தவர். அவற்றில் பல பூவும் கொடியும் தெய்வமுமாகக் கலந்த உருவங்கள்.

பினோத் பிஹாரி சாந்திநிகேதனுக்கு வருவதற்கு முந்தைய ஆண்டு கல்கத்தாவில் தாகூரின் 'பால்குனி' நாடகம் நடந்தது. குளிர்காலக் கிழவனைத் தேடி இளைஞர்கள் குகைக்குப் போவார்கள். வெளியே வருகிறவன் கிழவன் அல்ல, வசந்தம். அவர்களுக்கு வழிகாட்டுவது ஒரு குருட்டு பாவுல் பாடகன். தாகூரே அந்த வேடத்தில் நடித்தார். கண் தெரியாத ஓவியர் ஒருவர் சாந்திநிகேதனிலேயே தன்னிடம் படித்தவர்களில் இருந்து வருவார் என்று அவருக்கு அப்போது தெரிந்திருக்க நியாயமில்லை. கண்ணால் பார்த்துவைத்த நாற்பது ஆண்டுப் பருவங்கள், கண் போனபிறகு பினோத் பிஹாரியோடு இருந்தன. கூரையில் ஏற்றிய மரமும் கோவாயின் ஒற்றைப் பனையும் அவர் விரலுக்குத் தெரிந்திருந்தன. பார்க்க முடிந்த காலத்தில் பார்த்துவைக்காதவருக்கு இது கிடைத்திருக்காது.

1928இல் தாகூர் மரம் நடுவதையும் ஒரு விழாவாக்கினார். கன்றைப் பல்லக்கில் வைத்து, பூச்சூடி, குடைபிடித்து, ஆடிப் பாடி ஊர்வலமாக எடுத்து வருவார்கள். ஐந்து குழந்தைகள் மண், நீர், தீ, காற்று, வானமாகக் கூட வருவார்கள். அவர் 1941 ஆகஸ்ட் 7 அன்று காலமானார். வங்க நாட்காட்டியில் ஸ்ராவண மாதம் 22. அன்று முதல் அவருடைய நினைவு நாளும் சாந்திநிகேதனில் மரம் நடும் நாளும் ஒன்றாகிவிட்டன. மறுநாள் பக்கத்தில் உள்ள ஸ்ரீநிகேதனில் ஏர் பூட்டும் விழா.

இந்தத் தொடரைப் படிக்கும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பள்ளி வளாகத்தில் ஒரு புங்கமரமாவது இருக்கும். ஆனியில் பள்ளி திறந்ததும் பிள்ளைகளை அதன் எதிரே உட்காரவைத்து ஒரு படம் போடச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் இன்னொன்று. மாசியில் அது இலையுதிர்த்து நிற்கும்போது ஒன்று. பங்குனியில் தளிர்த்துப் பளபளக்கும்போது ஒன்று. மதிப்பெண் போட வேண்டாம். நான்கு படங்களையும் பிள்ளைகளிடமே கொடுத்து, வீட்டில் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.

(அடுத்த வாரம்: சந்தால் குடும்பமும் ராம்கிங்கர் பைஜும்)