கோணுவது முள் அல்ல, கை

ஸ்கூபா டைவிங் முடிந்து நீருக்கு மேலே தலையை நீட்டினால், பக்கத்தில் இருக்க வேண்டிய படகு எங்கோ தள்ளி நிற்கும். படகேறியதும் வரும் முதல் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: “காம்பஸ் தப்பாக் காட்டிருச்சு.” பாவம், அதற்கு வாயில்லை. காந்த முள் பொய் சொல்வது அபூர்வம். அதைக் கட்டிய இடமும் பிடித்த விதமும்தான் பல நேரம் காலை வாருகின்றன.

கரையில் இருப்பவருக்கு இது அற்ப விஷயமாகப் படலாம். கைபேசியை எடுத்தால் வழி தெரிந்துவிடுகிறது. ஆனால் ஜிபிஎஸ் அலைகள் உப்புநீரில் சில சென்டிமீட்டருக்குள்ளேயே அடங்கிவிடும். படகு எஞ்சினின் சத்தத்தை வைத்துத் திசை பிடிக்கவும் வழியில்லை. காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் ஒலி, கடல்நீரில் 1,500 மீட்டர் போகிறது. இரண்டு காதுக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்துசேரும் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மூளையால் பிரித்தறிய முடிவதில்லை.

‘நேராகத்தான் போய்க்கொண்டிருக்கிறேன்’ என்று மனம் சொல்வதை நம்புவது இன்னும் மோசம். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வகத்தில் யான் சூமன் குழுவினர் ஆட்களை நடக்கவிட்டுப் பார்த்து 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சூரியன் தெரியாத காட்டில் நடந்தவர்கள் தம்மை அறியாமலேயே வட்டமடித்தார்கள். கண்ணைக் கட்டிவிட்டபோது சிலருடைய வட்டம் 20 மீட்டர் விட்டத்துக்குள் சுருங்கியது. காலைத் தரையில் ஊன்றி நடந்தவர்களின் கதி இது. கலங்கல் நீரில் மிதப்பவருக்கு ஊன்றவும் ஒன்றுமில்லை.

டைவிங் காம்பஸின் பூர்வீகம் காடுதான். துவோமாஸ் வொஹ்லோனன் ஃபின்லாந்தில் 1936இல் தொடங்கிய சூன்டோ நிறுவனம், திரவம் நிரப்பிய காம்பஸ்களைத் தரையில் நடப்பவர்களுக்காகச் செய்துவந்தது. பிரிட்டனைச் சேர்ந்த டைவர் ஒருவர் அது நீருக்கடியிலும் வேலைசெய்வதைக் கவனித்த பிறகுதான், 1965இல் டைவிங்குக்கென்றே ஒன்றைச் செய்தார்கள். உள்ளே இருப்பது காற்றாக இருந்தால் கடலின் அழுத்தத்தில் டப்பி நசுங்கிவிடும். திரவத்தை அமுக்க முடியாது. முள்ளின் ஆட்டத்தையும் அது அடக்கிவைக்கும். அந்தத் திரவம் கொஞ்சம் கசிந்து உள்ளே பெரிய குமிழி தெரிந்தால், அந்தக் காம்பஸை மாற்றிவிடுவது நல்லது.

முள் வடக்கைக் காட்டும், அவ்வளவுதான் அதன் வேலை. நாம் போகிற திசையைச் சொல்வது, காம்பஸின் முகப்பில் குறுக்கே ஓடும் கோடு. அந்தக் கோடும், தலையிலிருந்து கால்வரை நம் உடம்பின் நடுவே ஓடுவதாக வைத்துக்கொள்ளும் கோடும் ஒரே நேரில் இருந்தால்தான் காம்பஸ் சொல்வதும் நாம் போவதும் ஒன்றாகும். எங்கே கட்டுவது என்ற கேள்வி முழுக்க இதைப் பொறுத்ததுதான்.

மணிக்கட்டில் கட்டும் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். கடிகாரத்தில் 12க்கும் 6க்கும் இடையே கோடு கிழித்தால் எப்படி இருக்குமோ, அப்படி அந்தக் கோடு முன்கைக்குக் குறுக்காக நிற்கும். அது நேராக முன்னே நோக்க வேண்டுமானால் முன்கை மார்புக்குக் குறுக்கே, உடம்புக்குச் செங்குத்தாக மடங்க வேண்டும். தொங்கவிட்ட கையை அரைகுறையாகத் தூக்கி நேரம் பார்ப்பதுபோல் பார்த்தால் முன்கை சாய்ந்துவிடும், கோடும் கூடவே சாயும். பத்து பாகை சாய்ந்தாலே, 100 மீட்டர் நீந்துவதற்குள் 17 மீட்டர் விலகியிருப்பீர்கள். ஏழெட்டு மீட்டர்தான் கண்ணுக்குத் தெரிகிற நீரில், தேடிப்போன பாறையைப் பார்க்காமலேயே கடந்துபோக அது தாராளம்.

இதனால்தான் பயிற்சியாளர்கள் ஒரு நிலையைச் சொல்லித் தருகிறார்கள். காம்பஸ் இடக்கையில் என்றால் வலக்கையை நேராக முன்னே நீட்டி, இடக்கையால் வலது முழங்கைப் பக்கம் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போது காம்பஸ் முகத்துக்கு நேர் எதிரே வந்துவிடும். அதைக் குனிந்து பார்க்காமல், அதன் மேலாக முன்னால் பார்க்க வேண்டும். கோட்டுக்கு நேரே ஒரு பவளத்திட்டையோ கல்லையோ குறித்துக்கொண்டு அதுவரை நீந்தி, அங்கிருந்து அடுத்ததைக் குறிக்கலாம். முள்ளையே முறைத்துக்கொண்டு போகிறவர், தாம் ஆழத்துக்கு இறங்கிக்கொண்டிருப்பதைக் கவனிக்கமாட்டார்.

பட்டையிலும் ஒரு சிக்கல் உண்டு. டைவிங் உடையின் நியோப்ரீன் முழுக்கக் காற்றுக் குமிழ்கள். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காகும்போது குமிழ்கள் பாதியாகச் சுருங்க, உடை மெலிகிறது. படகில் கச்சிதமாக இழுத்துக் கட்டிய ரப்பர் பட்டை கீழே போனதும் லொடலொடவென்று தளர்ந்து, காம்பஸ் மணிக்கட்டின் அடிப்பக்கம் உருண்டுவிடும். பழகிய டைவர்கள் பட்டையைக் கழற்றிவிட்டு, உடை மெலிய மெலியத் தானும் இறுகிக்கொள்ளும் மீள்கயிறு போட்டுக்கொள்வது இதற்காகத்தான்.

வாடகைக்குக் கிடைக்கும் சாமான்களில் காம்பஸ் பெரும்பாலும் காற்றழுத்த மானியோடு சேர்ந்து குழாயின் நுனியில் தொங்கும். தொலையாது என்பது அதன் பெருமை. இடுப்போரம் கிடப்பதை அப்படியே ஒருகண் பார்த்துவிட்டுப் போவது அதன் ஆபத்து. என்னைக் கேட்டால், புதிதாகக் கற்பவருக்கு மணிக்கட்டும் வேண்டாம், குழாயும் வேண்டாம். மிதவை ஜாக்கெட்டின் வளையத்தில் இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் கயிற்றில் மாட்டி, தேவைப்படும்போது இரு கையாலும் பிடித்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு பார்ப்பதே உத்தமம். இரு கையும் சமமாகப் பிடிக்கும்போது கோடு தானாகவே நடுவுக்கு வந்துவிடுகிறது. கடற்படை டைவர்கள் காம்பஸைப் பலகையில் பதித்து இரு கையாலும் ஏந்திக்கொண்டு நீந்துவதன் சூட்சுமமும் இதுதான்.

காம்பஸைப் படுக்கைமட்டமாகப் பிடிக்கவும் வேண்டும். சாய்ந்தால் முள் அடியில் தட்டி நின்றுவிடும். இங்கே நம் ஊருக்கு ஒரு சங்கதி இருக்கிறது. பூமியின் காந்தப்புலம் எல்லா இடத்திலும் தரைக்கு இணையாக ஓடுவதில்லை. ஃபின்லாந்தில் அது 70 பாகைக்கும் மேல் கீழ்நோக்கிச் சாய்ந்து முள்ளின் வடமுனையை இழுப்பதால், தென்பக்கத்தில் கொஞ்சம் எடை சேர்த்துச் சமன்செய்கிறார்கள். காந்த நடுக்கோடோ நம் தென்கோடியை ஒட்டிப் போகிறது. திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஆய்வகம் வைத்திருப்பது அதனால்தான். வட ஐரோப்பாவுக்கென்று சமன்செய்த முள் மன்னார் வளைகுடாவில் தெற்குப் பக்கம் தாழ்ந்து நிற்கும். வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள், அது எந்த மண்டலத்துக்கானது என்று பார்த்து வாங்க வேண்டும். மற்றபடி நமக்கு யோகம்தான். முள்ளைத் திருப்பும் கிடைமட்ட விசை இங்கே ஃபின்லாந்தைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம்.

மணிக்கட்டுக் கணினிகளில் வரும் மின்னணு காம்பஸ் சாய்வைத் தானே கணக்கிட்டுத் திருத்திக்கொள்கிறது. கை கோணியிருப்பதை மட்டும் அதனால் கண்டுபிடிக்க முடியாது. பக்கவாட்டில் தள்ளும் நீரோட்டம் பழசு புதுசு எதற்குமே தெரியாது. கோடு நேராக வடக்கையே காட்டிக்கொண்டிருக்க, நீங்கள் நண்டுபோல் ஒருக்களித்து நகர்ந்துகொண்டிருப்பீர்கள்.

முள்ளே தடுமாறும் இடம் இரும்பு இருக்கும் இடம். எஃகு சிலிண்டரை நெருங்கினால் அது திரும்பும். அலுமினிய சிலிண்டரிடம் அந்தத் தொல்லை இல்லை. சில டார்ச்சுகளின் சுவிட்சில் காந்தம் இருக்கும். டார்ச்சையும் காம்பஸையும் ஒரே கையில் வைத்துக்கொண்டால் வினைதான். மூழ்கிய கப்பல் என்றால் கேட்கவே வேண்டாம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ‘ஹெர்மிஸ்’, மட்டக்களப்புக்கு அப்பால் 50 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கிறது. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீட்டர் என்பதால் தனிப் பயிற்சி பெற்றவர்களுக்கே அது உரியது. பத்தாயிரம் டன் எஃகுக்குப் பக்கத்தில் முள் வடக்கைத்தான் காட்டுகிறதா, கப்பலைத்தான் காட்டுகிறதா என்று சொல்ல முடியாது. இத்தகைய கப்பல்களில் மேலிருந்து விட்ட கயிற்றைப் பிடித்தே இறங்கி, அதில் ரீல் நூலைக் கட்டி விட்டுக்கொண்டே போய், திரும்பும்போது சுருட்டிக்கொண்டு வருவார்கள்.