பத்தெழுத்து ஊர்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், தென்பெண்ணை ஆற்றங்கரையில், மூங்கில்துறைப்பட்டு என்னும் ஊர் உள்ளது. சாத்தனூர் அணையைக் கடந்து வரும் ஆறு இவ்வூரை அணைந்து செல்கிறது. கரும்பு வயல்களும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையுமே அயலூரார் இவ்வூரை அறிதற்குரிய அடையாளங்கள். ஊர்ப்பெயரின் நடுவே நிற்கும் 'துறை' என்னும் சொல் எண்ணிப் பார்த்தற்குரியது. ஆற்றில் இறங்குதற்கும் ஏறுதற்கும் ஏற்ற இடமே துறை. ஆறு நெடுகிலும் நீர் உண்டு. ஆயினும் எல்லா இடத்திலும் மக்கள் இறங்குவதில்லை. கரை செங்குத்தாக நிற்குமிடத்தில், நீர் எத்துணைத் தெளிவாயினும் குடத்தை நிரப்ப இயலாது. கணிப்பொறிக்கும் அதனைக் கையாளும் மக்களுக்கும் நடுவே இத்தகைய துறையாக நிற்பதனை 'இடைமுகம்' என்பர். திரையில் தோன்றும் கட்டங்கள், பொத்தான்கள், அறிவிப்புகள் ஆகிய யாவும் அதனுள் அடங்கும். அதன் பின்னே நின்று இயக்குவது, நிரல் எழுதுவோர் வகுத்த கட்டளைத் தொகுதியாகும்.

மூங்கில்துறைப்பட்டில் வாழும் கரும்பு உழவர் ஒருவரின் மகள், பன்னிரண்டாம் வகுப்பில் தேறிக் கல்லூரியிற் சேர முயல்கிறாள் என்று கொள்வோம். அவள் பெயர் கௌசல்யா. உதவித்தொகைக்கு இணையத்தின் வழியே விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நாளோ மறுநாள். தந்தையும் மகளும் கடைத்தெருவிலுள்ள கணிப்பொறி மையத்துக்குச் செல்கின்றனர். அங்குள்ள இளைஞர் விரைந்து தட்டச்சிடுகிறார். ஊர்ப்பெயரை இட்டவுடன், 'எழுத்துகள் மிகுதி' என்று திரை மறுக்கிறது. அதனைச் சுருக்கி எழுதி மேற்சென்றால், தந்தை பிறந்த மாவட்டம் பட்டியலிற் காணப்படவில்லை. குடும்ப அட்டையைப் பையிலிருந்து தேடி எடுப்பதற்குள், 'நேரம் கடந்தது' என்று பக்கம் மறைகிறது. மீண்டும் முதலிலிருந்து நிரப்புகின்றனர்.

"ஐயா, மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரும் இந்தப் பெயரும் பொருந்தவில்லை என்று வருகிறது" என்கிறார் இளைஞர்.

தந்தை மதிப்பெண் பட்டியலையும் திரையையும் மாறி மாறிப் பார்க்கிறார். "இரண்டிலும் கௌசல்யா என்றுதானே இருக்கிறது, தம்பி?" என்கிறார். மகளோ சுவரிலுள்ள கடிகாரத்தை நோக்குகிறாள்.

இந்நிலையில் பெரும்பாலோர் தம்மையே நொந்துகொள்வர். தமக்குக் கல்வி போதாது, வயது மிகுந்துவிட்டது என்று கருதி நாணுவர். இது பொருந்தாது. டொனால்டு நார்மன் என்னும் அமெரிக்க அறிஞர், அன்றாடம் கையாளும் பொருள்களின் அமைப்பைப் பற்றி 1988-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாத கதவு அந்நூலில் வரும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. கதவின்முன் ஒருவர் திகைத்து நின்றால், குற்றம் அவருடையதன்று. கதவைச் செய்தவன் அதனைத் திறக்கும் வகையைக் கதவிலேயே புலப்படுத்தாமையே குற்றம் என்பது அவர் கொள்கை. செய்தவன் உள்ளத்தில் ஓர் ஒழுங்கு உண்டு. கையாள்வோர் உள்ளத்திலும் ஓர் ஒழுங்கு உண்டு. இவ்விரண்டும் பொருந்தாதவிடத்தே எரிச்சல் பிறக்கிறது. உழவரும் மகளும் பட்ட தொல்லைகளை இக்கண்கொண்டு நோக்குதல் வேண்டும்.

'மூங்கில்துறைப்பட்டு' என்பதில் எத்தனை எழுத்துகள் உள்ளன? தமிழ் இலக்கணம் அறிந்த மாணவர், மூ, ங், கி, ல், து, றை, ப், ப, ட், டு எனப் பிரித்துப் பத்து என்பர். அதுவே சரியான விடை. கணிப்பொறியைக் கேட்டால், பத்தொன்பது என்று சொல்லும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் வகுத்துள்ள 'ஒருங்குறி' முறையில், மகரத்துக்கு ஓர் எண். அதன்மேல் ஏறும் ஊகாரக் குறிக்கு வேறோர் எண். ஙகரத்துக்கு ஓர் எண். அதன் தலையிலுள்ள புள்ளிக்கு மற்றோர் எண். இவ்வாறே எண்ணினால், ஒற்றை எண் பெறுவது பகரம் ஒன்றுதான். ஏனைய ஒன்பதும் இவ்விரண்டு எண் பெற்றுப் பத்தொன்பதாகின்றன. இஃது இத்துடன் நிற்கவில்லை. அவ்வெண்களைச் சேமிக்கும் இடத்தைப் 'பைட்டு' என்னும் அளவையாற் கணக்கிடுவர். இணையத்திற் பெருவழக்காயுள்ள சேமிப்பு முறையில், ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும். ஆகவே பத்தெழுத்து ஊர் ஐம்பத்தேழு பைட்டு இடத்தை அடைத்துக்கொள்கிறது. ஊர்ப்பெயருக்கு ஐம்பது பைட்டு ஒதுக்கிய ஒருவர், ஐம்பது எழுத்துகளுக்கு இடம் விட்டதாகவே எண்ணியிருப்பார். ஆங்கிலத்திற் பதினெட்டு எழுத்தாக வரும் இவ்வூர், அவர் இட்ட கட்டத்தில் எளிதாக அடங்கும், தமிழில் அடங்காது. கைப்பேசிக் குறுஞ்செய்தியிலும் இந்நிலையே. ஆங்கிலத்தில் நூற்றறுபது எழுத்துகள் கொள்ளும் ஒரு செய்தி, தமிழில் எழுபது குறிகளையே கொள்ளும்.

இவ்வமைப்பு எங்கிருந்து வந்தது? 1991-ஆம் ஆண்டில் ஒருங்குறியின் முதற் பதிப்பு வெளிவந்தபோது, இந்திய மொழிகளுக்கென முன்னரே வகுக்கப்பட்டிருந்த 'இஸ்கி' என்னும் குறியீட்டு முறை அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. அம்முறை, பிராமியிலிருந்து கிளைத்த எழுத்துகள் யாவற்றையும் ஒரே அச்சில் வார்த்தது. பிற மொழிகளில் உண்டாகித் தமிழில் இல்லாத ஒலிகளுக்குரிய இடங்கள், தமிழ்ப் பகுதியில் இன்றும் வெற்றிடங்களாகவே கிடக்கின்றன. இதனினும் பெரிய முரண் ஒன்று உண்டு. 'க்' என்னும் மெய்யே முதல். அதனோடு அகரம் சேரக் 'க' பிறக்கும் என்பது தமிழ் இலக்கணம். ஒருங்குறியிலோ 'க' முதல். அதன்மேற் புள்ளி சேரக் 'க்' உண்டாகிறது. தாயை மகளாகவும் மகளைத் தாயாகவும் வைத்ததற்கு இஃது ஒப்பாகும். ஆதலின் தமிழில் சொற்புணர்ச்சி அறியும் நிரலை எழுதுவோர், ஒவ்வொரு படியிலும் தலைகீழாக எண்ண வேண்டியுள்ளது. பெயர்ப்பட்டியலை வெறும் எண் வரிசையில் அடுக்கினால், இறுதியில் வரவேண்டிய னகரம் நகரத்தை அடுத்து வந்து நிற்கும். ளகரம் ழகரத்துக்கு முன் செல்லும். ஒருமுறை வழங்கிய எண்ணை மாற்றுவதில்லை என்பது ஒருங்குறியின் உறுதியான விதி. அவ்விதி இல்லையேல், நேற்று எழுதிய மடலை இன்று படிக்க இயலாதாகையால், அதனைக் குறைகூறுதற்கில்லை. இதற்கு மாற்றாக, எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வழங்கும் 'டேஸ்-16' என்னும் முறையைத் தமிழ்நாடு அரசு 2010-ஆம் ஆண்டில் ஒருங்குறியோடு சேர்த்து ஏற்றது. உலகெங்கும் வழங்குவது ஒருங்குறியே ஆதலின், அது பரவலான ஆட்சி பெறவில்லை.

இலக்கணத்தோடு பொருந்திய அமைப்பு ஒன்றும் தமிழுக்கு வாய்த்தது. 1999-ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையடுத்து அரசு ஏற்ற 'தமிழ்99' விசைப்பலகையில், உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கத்திலும் மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கத்திலும் உள்ளன. மெய்யை அழுத்தி உயிரை அழுத்தினால் உயிர்மெய் தோன்றும். பகரத்தை இருமுறை அழுத்தினால் முதற் பகரம் தானே புள்ளி பெறும். ஙகரத்தை அடுத்துக் ககரம் வந்தால், ஙகரம் புள்ளி ஏற்கும். இன எழுத்து அறிந்த மாணவர்க்கு இது வியப்பன்று. மூங்கில்துறைப்பட்டு என எழுதப் பதினாறு தட்டல்கள் போதும். உள்ளே குறியீடு எவ்வாறு கிடந்தாலும், வெளியே துறையைச் செம்மையாகக் கட்ட இயலும் என்பதற்கு இவ்விசைப்பலகை நல்ல சான்று.

ஆயினும் எல்லாரும் இதனைக் கைக்கொள்ளவில்லை. யாழ்ப்பாணத்திற் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசைப்பலகை வகுத்தார். இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளை நாற்பத்தாறு போன்ற சில விசைகளுக்குள் அடக்கிய அருஞ்செயல் அது. இடம் போதாமையால் சில எழுத்துகள் இரட்டைப் பணி செய்தன. 'கௌ' என அடிப்பதற்கு, முதலிற் கொம்பையும், அடுத்துக் ககரத்தையும், அதனையடுத்து ளகரத்தையும் அடிப்பர். தாளிற் பதிந்தபின் அது ளகரமா ஔகாரக் குறியின் பிற்பாதியா என்று எவரும் வினவார்; படிப்பவர் அறிவு அதனைத் தெளிந்துகொள்ளும். அப்பொறியிற் பழகிய விரல்கள் கணிப்பொறிக்கு வந்தபோது, இவ்வழக்கமும் உடன் வந்தது. கணிப்பொறியோ தாளைப் பார்ப்பதில்லை, எண்ணைப் பார்க்கிறது. ஔகாரக் குறியிட்டு எழுதிய கௌசல்யா அதற்கு ஏழு எண்கள். கொம்பும் ளகரமும் இட்டு எழுதிய கெளசல்யா எட்டு எண்கள். கண்ணுக்கு ஒரு பெயர். பொறிக்கு இரு பெண்கள்.

'கெள' என வருமிடமெல்லாம் 'கௌ' என மாற்றிவிட ஒரு கட்டளை எழுதினால் ஆகாதோ எனலாம். தென்பெண்ணையில் வலை வீசுவோர் அறிந்த கெளுத்தி மீன், அக்கட்டளையால் உருக்குலைந்துபோம். ளகரத்தை அடுத்து உயிர்க்குறி வருகிறதா, அச்சொல் அகராதியில் உள்ளதா என்றெல்லாம் ஆராய்ந்தே மாற்ற வேண்டும். அதற்குத் தமிழறிவும் நிரலறிவும் ஒருவரிடமே அமைதல் நலம். அன்றேல் இருவரும் ஓரிடத்தில் அமர்ந்து பேசுதல் வேண்டும். பெரும்பாலும் அப்பேச்சு நிகழ்வதில்லை.

தந்தையின் மாவட்டம் காணப்படாமைக்குக் காரணம் வேறு. அவர் 1970-ஆம் ஆண்டிற் பிறந்தபோது அவ்வூர் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993-இல் விழுப்புரம் மாவட்டமாயிற்று. 2019-இல் கள்ளக்குறிச்சி மாவட்டம் தனியே பிரிந்தது. உழவர் வீட்டை விட்டு நகரவில்லை. மாவட்டங்களே அவரைக் கடந்து சென்றன. இன்றுள்ள முப்பத்தெட்டு மாவட்டங்களை மட்டும் பட்டியலிட்ட நிரலாளர், பிறந்த நாளுக்கும் இன்றைக்கும் இடையே ஊரெல்லைகள் மாறும் என்பதை நினைக்கவில்லை. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொள்ளும் தமிழரிடம், 'குடும்பப் பெயர்' என ஒரு கட்டத்தைக் காட்டி நிரப்பச் சொல்வதும் இவ்வகைப்பட்டதே.

பிழை தெரிந்தபின்னும் திருத்தாமை ஏன்? ஏடு தேடி அலைந்த புலவர்களை நினைந்தால் இது விளங்கும். பனையோலையில் எழுதியோர், ஓலை கிழியும் என்று அஞ்சிப் புள்ளியிடுவதை விட்டனர். குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பையே எழுதினர். எழுதியவனுக்கு அதனாற் கைவருத்தம் குறைந்தது. சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் போன்றோர், அவன் மிச்சப்படுத்திய உழைப்பைப் பன்மடங்காகச் செலுத்த நேர்ந்தது. நிரலும் அத்தகைய ஏடே. எழுதியவர் வேலை மாறிச் சென்றிருப்பார். அவர் இட்ட பெயர்கள் அவருக்கு மட்டும் விளங்குவனவாயிருக்கும். ஒரு வரியை மாற்றினால் எங்கே எது சரியும் என்று பின்வந்தவர் அறியார். ஆகவே பழையதைத் தொடாமல், அதன்மேற் புதியதொரு திண்ணையைக் கட்டிச் செல்வார். கணிப்பொறியில் இடம் அருமையாயிருந்த காலத்தில், ஆண்டை இரண்டு இலக்கத்தாற் குறித்த சிக்கனம் யாவரும் அறிந்தது. 2000-ஆம் ஆண்டு நெருங்கியபோது, '00' என்பதை 1900 எனப் பொறி கொள்ளுமோ என்று அஞ்சி, உலகெங்கும் பழைய நிரல்களை வரிவரியாகப் படித்துத் திருத்தினர்.

கடைத்தெருவில் விளக்கேற்றிவிட்டனர். மையத்து இளைஞர் இத்தகைய மறுப்பை முன்னும் கண்டவர். மதிப்பெண் பட்டியலுக்குரிய பெயர் எவ்வாறு பதிவாகியிருக்கும் என்பதை உய்த்துணர்ந்து, தாம் செம்மையாக இட்ட ஔகாரக் குறியை அழிக்கிறார். கொம்பையும் ளகரத்தையும் தனித்தனியே இட்டு, இலக்கணப்படி ஐந்தெழுத்தாகப் பிழைபட்ட 'கெளசல்யா' என்பதனை எழுதிப் பொத்தானை அழுத்துகிறார். இம்முறை திரை மறுக்கவில்லை.