மூன்றாம் பயிற்றுமொழி: மலேசியத் தமிழ் மாணவரின் முதலாண்டுப் பல்கலைக்கழகக் கல்வி

தமிழ்ப்பள்ளியில் தொடங்கி ஆங்கிலவழிப் பட்டப்படிப்பில் சேரும் மலேசிய மாணவர் பயிற்றுமொழியை இருமுறை மாற்றிக்கொள்கிறார். தொடக்கப்பள்ளியின் ஆறாண்டு தமிழ், இடைநிலைப்பள்ளியின் ஐந்தாண்டு மலாய், அதன்பின் ஆங்கிலம். 1996ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்வி நிறுவனச் சட்டத்திற்குப் பின் ஆங்கிலவழிப் படிப்புகள் பெருகவே, இம்மூன்றாம் படி பலருக்கும் உரியதாயிற்று. (2003 முதல் சில ஆண்டுகள் பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன, அக்காலத்தில் பயின்றோர் இதற்கு ஓரளவு விலக்கு.)

இம்மாணவர் முதலாண்டில் தடுமாறும்போது, ஆங்கிலம் போதாது என்று கூறி முடித்துவிடுகின்றனர். இது பாதி உண்மையே. இயற்பியலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 'வேகம்' என்பதைத் தமிழ்ப்பள்ளியில் அறிந்த மாணவர், மலாயில் அதனை 'லாஜு' என்றும், திசையோடு கூடிய வேகத்தை 'ஹலாஜு' என்றும் கற்கிறார். 'ஹலா' என்பது மலாயில் திசை. எனவே சொல்லே தன் வரையறையைக் கூறிவிடுகிறது. நம் 'திசைவேகம்' அமைந்திருப்பதும் இவ்வாறே. ஆங்கிலத்தின் 'ஸ்பீட்', 'வெலாசிட்டி' ஆகியவற்றிடையே இவ்வுறவு புலப்படுவதில்லை. முன்பே விளங்கிய கருத்தை விளங்காத சொல்லாக மனப்பாடம் செய்யும் நிலைக்கு மாணவர் தள்ளப்படுகிறார்.

அன்றாட உரையாடலுக்கான மொழித்திறன் வேறு, கல்விசார் மொழித்திறன் வேறு என்று கனடாவின் ஜிம் கம்மின்ஸ் 1979இல் எடுத்துக்காட்டினார். அங்குக் குடியேறிய பிள்ளைகளுக்கு முன்னது ஏறத்தாழ 2 ஆண்டுகளில் கைவந்தது. பின்னதற்கு 5 முதல் 7 ஆண்டுகள் வேண்டியிருந்தன. நம் மாணவர் பள்ளியில் 11 ஆண்டுகள் ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படித்தவர்தாம். ஆயினும் அம்மொழிவழி ஒரு துறையைப் பயின்றவரல்லர். நண்பரிடம் ஆங்கிலத்தில் தயங்காது பேசுபவர் டுட்டோரியல் வகுப்பில் வாய்திறவாதிருப்பது இதனாலேயே. அம்மௌனத்தை அறிவுக்குறைவாகக் கருதும் விரிவுரையாளர் உளர். மாணவர் தம்மைப்பற்றித் தாமே அவ்வாறு கருதத் தொடங்குவது அதனினும் கேடு. படிப்பை இடையில் விடும் எண்ணம் பெரும்பாலும் அங்கேதான் முளைக்கிறது. கட்டுரைத் தேர்விலும் இதே நிலைதான். 'டிஸ்கஸ்' என்னும் வினாவிற்குக் கருத்துகளை வரிசையாக எழுதிவைக்கிறார். இருபக்க வாதங்களையும் எடைபோடுமாறு அச்சொல் கேட்கிறது என்று அவருக்கு எவரும் சொல்லியிருப்பதில்லை.

முதலாண்டு ஆங்கில வகுப்பு இலக்கணப் பிழை திருத்துவதோடு நின்றுவிடலாகாது. குழுவாகப் படிக்கும்போது தமிழிலோ மலாயிலோ விவாதித்து, முடிவை ஆங்கிலத்தில் எழுத இடமளிப்பது பயன்தரும். ஆங்கிலம் மட்டுமே ஒலிக்கவேண்டும் என்னும் விதி, மாணவர் 11 ஆண்டுகள் ஈட்டியதை வாயிலிலேயே இறக்கிவைக்கச் சொல்கிறது. கலைச்சொல்லாக்கம் பற்றி நம் மாநாடுகளில் மிகுதியாகப் பேசுகிறோம். அச்சொற்கள் இத்தகைய மாணவர் கைக்குச் சேரும் வழியைப்பற்றிக் குறைவாகவே பேசுகிறோம். ஒவ்வொரு பாடத்திற்கும் ஏறத்தாழ 100 சொற்களைக் கொண்ட மும்மொழிப் பட்டியலை முதல் வாரத்திலேயே வழங்க இயலும்; துறையாசிரியர் ஒருவரும் தமிழாசிரியர் ஒருவரும் சேர்ந்தால் ஒரு விடுமுறைக்குள் முடியும் பணி இது. 'திசைவேகம்' என்னும் சொல்லை மாணவர் அப்பட்டியலில்தான் முதன்முறையாகக் காண்பார்; எனினும் அதற்கு விளக்கம் கேட்கமாட்டார்.