பூனைக்கும் சர்க்கரை வியாதி: காதோரத்தில் ஒரு துளி ரத்தம்

(நமது நிருபர்)

சித்தூரில் ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு வீடு. தினமும் காலை ஆறரை மணிக்கு அந்த வீட்டுத் திண்ணையில் ஓர் அம்மாள் உட்காருகிறார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. முதலில் தம் விரலில் குத்தி ரத்தச் சர்க்கரை பார்க்கிறார். நோட்டில் எழுதிக்கொள்கிறார். பிறகு புது ஊசி, புதுப் பட்டை எடுக்கிறார். மடியில் படுத்திருக்கும் பூனையின் காதோரத்தில் மெல்லக் குத்துகிறார். அந்த எண்ணையும் எழுதுகிறார். நோட்டின் இடது பக்கம் அம்மாளின் கணக்கு. வலது பக்கம் 'மணி'யின் கணக்கு.

அம்மாளின் கணவர் ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர். சொந்த ஊர் ஆம்பூர் பக்கம். வேலைக்காக ஆந்திராவுக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். அவரோடு பழகிய உரிமையில் அந்த வீட்டுக்கு நான் அடிக்கடி போவதுண்டு.

"பில்லிக்கி ஷுகரா?" என்று தெலுங்குக்கார அக்கம்பக்கத்தார் முதலில் சிரித்தார்கள். நானும் சிரித்தவன்தான். ஒரு நாள் இரவு நடந்ததைக் கேட்ட பிறகு சிரிப்பு வரவில்லை. நம் குடும்பங்களில் சர்க்கரை வியாதிக்காரர் இல்லாத வீடு அபூர்வம். ஆகவே பூனை வளர்க்காதவர்களும் இதைப் படிப்பது நல்லது.

எறும்பு சொன்ன சேதி

மணிக்குப் பத்து வயது. ஆண் பூனை, கருத்தடை செய்யப்பட்டது. தயிர் சாதம், பால், பிஸ்கோத்து என்று வீட்டில் உள்ளதெல்லாம் தின்று நன்றாகப் பருத்திருந்தது. பூனைக்குச் சர்க்கரை வருவதற்கு இவை எல்லாமே ஏற்ற சூழ்நிலை. நடுத்தர வயதைக் கடந்த, பருமனான, கருத்தடை செய்த ஆண் பூனைகளுக்கே இந்த நோய் அதிகம் வருகிறது.

சென்ற ஆண்டு கோடையில் மணி ஓயாமல் தண்ணீர் குடித்தது. வெயிலின் கொடுமை என்று விட்டுவிட்டார்கள். பசி குறையவில்லை, உடம்பு மட்டும் இளைத்துக்கொண்டே போனது. மண் தொட்டியில் அது சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தது. அதைப் பார்த்ததும் அம்மாளுக்குச் சுருக்கென்றது. "என் மாமியாருக்கு வியாதி வந்ததை இப்படித்தான் கண்டுபிடித்தோம்" என்றார்.

இன்னொரு அடையாளமும் இருந்தது. பூனை விரல்களை ஊன்றி நடக்கும் பிராணி. மணியோ பின்னங்கால்களின் குதிமூட்டு தரையில் படும்படி தாழ்ந்து நடந்தது. அலமாரி மேல் தாவ முடியவில்லை. சர்க்கரை நரம்பைத் தாக்கினால் பூனைக்கு இப்படி ஆகும்.

ஆஸ்பத்திரிக் கணக்கும் வீட்டுக் கணக்கும்

தெரிந்தவர் காரில் மணியைக் கூடையில் வைத்துத் திருப்பதிக்குக் கொண்டு வந்தார்கள். பிராணி வைத்தியர் ரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்து, சர்க்கரை வியாதிதான் என்று உறுதி செய்தார். காலை ஏழு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் 1 யூனிட் இன்சுலின் போடச் சொன்னார். பால், பிஸ்கோத்து, சாதம் எல்லாவற்றையும் நிறுத்தி, மீனும் கோழியும் சேர்ந்த, மாவுச்சத்து குறைந்த உணவு கொடுக்கச் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி காட்டியபோது ரத்தத்தில் சர்க்கரை 340. மருந்து போதவில்லையோ என்று வீட்டார் பதறினார்கள். வைத்தியர் மட்டும் அவசரப்படவில்லை. "கூடைக்குள் எழுபது கிலோமீட்டர் வந்த பூனை. வெளியே நாய் குரைக்கிறது. இந்த எண்ணை மட்டும் நம்பி மருந்தைக் கூட்ட மாட்டேன். வீட்டில் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார்.

இது பூனைக்கே உரிய விசேஷம். பயந்த பூனைக்கு உடம்பில் சில சுரப்புகள் பாய்ந்து, நோயே இல்லாவிட்டாலும் ரத்தச் சர்க்கரை 300-ஐத் தாண்டிவிடக்கூடும். சாதாரணமாக ஆரோக்கியமான பூனைக்கு 80 முதல் 120 மில்லிகிராம் வரை இருக்கும். கொஞ்சம் கூடினாலும் குற்றமில்லை. ஆஸ்பத்திரி எண்ணைப் பார்த்து மருந்தைக் கூட்டினால், வீட்டில் நிம்மதியாகத் தூங்கும் பூனைக்கு அந்த மருந்து மிஞ்சிப்போகும்.

மறுநாள் காலை சொந்தத் திண்ணையில் எடுத்தபோது மணியின் கணக்கு 215!

எப்படிக் குத்துவது?

அம்மாள் எனக்குச் செய்து காட்டிய முறை இது.

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் காதில் சற்று நேரம் ஒற்றுகிறார். காது சூடேறினால் ரத்தம் எளிதில் வரும். காதின் விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய நரம்பு ஓடுகிறது. அதன் மேலேயே குத்தாமல், நரம்புக்கும் விளிம்புக்கும் இடையில் உள்ள இடத்தில் குத்துகிறார். ஊசி மறுபுறம் வந்து தம் விரலில் ஏறாதபடி காதின் பின்னால் பஞ்சு வைத்துக்கொள்கிறார். கடுகைவிடச் சிறிய துளி போதும். பட்டையின் நுனியை அருகில் கொண்டுபோனால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். குத்திய இடத்தைப் பஞ்சால் சற்று நேரம் அழுத்தினால் காது கன்றாது. முடிந்ததும் மணிக்கு ஒரு துண்டு மீன். கருவியை எடுத்தாலே பூனை இப்போது மடிக்கு வந்துவிடுகிறது.

முதல் வாரம் அப்படி இல்லை. கையெல்லாம் கீறல். ரத்தம் வராமல் பட்டைகள் வீணாயின. பட்டை ஒவ்வொன்றும் காசு. "பென்ஷன்காரன் வீட்டில் பூனைக்குப் பட்டையா?" என்று கணவர் முணுமுணுத்தாராம். குத்துவதற்கு முன் காதைச் சூடேற்றக் கற்றுக்கொண்ட பிறகு வீண் செலவு நின்றது.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மனிதருக்கென்று செய்த கருவி பூனை ரத்தத்தில் பெரும்பாலும் சற்றுக் குறைத்தே காட்டும். சர்க்கரை சிவப்பணுவுக்குள்ளும் வெளியிலும் பிரிந்திருக்கும் விகிதம் மனிதரிலும் பூனையிலும் வேறு வேறு என்பதே காரணம். பிராணிகளுக்கென்றே தனிக் கருவியும் உண்டு. அது கிடைக்காதவர்கள் வீட்டுக் கருவியையே வைத்தியரிடம் கொண்டுபோய், ஆஸ்பத்திரிக் கணக்கோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்வது உத்தமம். பிறகு எப்போதும் அதே கருவியையே உபயோகிக்க வேண்டும். பட்டைக் குப்பியை மூடியே வைக்க வேண்டும்; நம் ஊர் வெயிலில் ஜன்னலோரம் வைத்தால் பட்டை கெட்டுவிடும்.

மருந்தின் போக்கைத் தெரிந்துகொள்ள, ஊசிக்கு முன் ஒருமுறையும் அதன்பின் இரண்டு மணிக்கு ஒருமுறையுமாகப் பன்னிரண்டு மணி நேரம் பார்த்து எழுதச் சொல்வார் வைத்தியர். எப்போது இறங்குகிறது, எதுவரை இறங்குகிறது, எப்போது ஏறுகிறது என்பது அதில் தெரியும்.

சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

இனி அந்த இரவுக்கு வருவோம்.

மணிக்குப் போட்டது 40 யூனிட் வகை இன்சுலின். அதாவது ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட். ஒரு நாள் குப்பி தீர்ந்துவிட்டது. கடையில் கிடைத்தது அதே மருந்தின் 100 யூனிட் வகை. விடுமுறைக்கு வந்திருந்த மகன் அதை வாங்கி வந்து, வீட்டில் இருந்த பழைய வகை சிரிஞ்சிலேயே 1 யூனிட் கோடு வரை உறிஞ்சி, மாலை ஏழு மணிக்குப் போட்டுவிட்டார். படித்த பையன்தான். மருந்தின் பெயர் ஒன்றாக இருந்ததால் சந்தேகமே வரவில்லை.

கணக்கைப் பாருங்கள். சிவப்பு மூடி சிரிஞ்சு 40 யூனிட் மருந்துக்கு உரியது. அதில் ஒரு கோடு என்பது ஒரு மில்லிலிட்டரில் நாற்பதில் ஒரு பங்கு. அந்த அளவில் 100 யூனிட் மருந்தை எடுத்தால் உள்ளே போவது 1 யூனிட் அல்ல, இரண்டரை யூனிட்! மாறாக, ஆரஞ்சு மூடி சிரிஞ்சு 100 யூனிட் மருந்துக்கு உரியது. அதில் 40 யூனிட் மருந்தை எடுத்தால் பத்து யூனிட் என்று நினைத்துப் போடுவது நான்கே யூனிட்தான். முதல் தவறில் சர்க்கரை பாதாளத்துக்கு இறங்கும். இரண்டாம் தவறில் நோய் அடங்காது. இரண்டு வகை மருந்தும் இரண்டு வகை சிரிஞ்சும் நம் நாட்டுக் கடைகளில் சேர்ந்தே விற்கப்படுகின்றன.

இரவு பத்தரை மணிக்கு அம்மாள் விளக்கை அணைக்க வந்தார். மணி கட்டிலின் அடியில் கிடந்தது. கூப்பிட்டால் வரவில்லை. எழுந்து இரண்டடி வைத்துச் சாய்ந்தது. தூக்கக் கலக்கம் என்று மகன் சொன்னார். அம்மாளுக்கு மனம் கேட்கவில்லை. காதில் குத்திப் பார்த்தார். 41.

தமக்கு ஒருமுறை சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தது அவருக்கு நினைவு வந்தது. குளுக்கோஸ் பொடியைக் குழைத்து விரலால் பூனையின் ஈறில் தடவினார். விழுங்கும் நிலையில் இல்லாத பிராணிக்கு வாயில் ஊற்றக்கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். கால் மணி கழித்து 58. மணி தலையை நிமிர்த்தியது. கொஞ்சம் மீன் தின்றது. வைத்தியருக்குப் போன் செய்தார்கள். அவர் கேட்ட முதல் கேள்வி, "சிரிஞ்சு மூடி என்ன நிறம்?" அப்போதுதான் தவறு விளங்கியது.

ஊசி மருந்து பல மணி நேரம் வேலை செய்யும். ஒருமுறை ஏறியது மறுபடி இறங்கலாம். ஆகவே விடியும் வரை அரை மணிக்கு ஒருமுறை பார்க்கச் சொன்னார். மகன் விளக்குப் பிடிக்க, அம்மாள் குத்த, கணவர் எழுத, இரவு கழிந்தது. பட்டைச் செலவைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. விடிகாலை ஐந்து மணிக்குக் கணக்கு 130. வைத்தியர் சொன்னபடி அன்று காலை ஊசி இல்லை.

காலையில் அம்மாள் செய்த முதல் காரியம், வீட்டில் இருந்த தம்முடைய இன்சுலினையும் சிரிஞ்சுகளையும் எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்ததுதான். "பூனைக்கு நடந்தது எனக்கு நடந்திருந்தால், தூங்குகிறேன் என்றுதானே விட்டிருப்பார்கள்?" என்று கேட்டார். நம் வீடுகள் ஒவ்வொன்றிலும் கேட்க வேண்டிய கேள்வி இது.

நாயும் பூனையும் செய்த உதவி

பூனைக்கு இவ்வளவு பாடா என்று கேட்பவர்கள் உண்டு. இந்த வியாதியைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும் பங்கு பிராணிகளால் வந்தது. 1889-ல் ஜெர்மன் ஆதிக்கத்தில் இருந்த ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, மெரிங் என்ற இருவர் ஒரு நாயின் கணையத்தை அகற்றினார்கள். அதற்குச் சர்க்கரை வியாதி கண்டது. நோயின் வேர் கணையத்தில் இருப்பது அப்படித்தான் தெரிந்தது. 1921-ல் கனடாவின் டொரன்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்டும் நாய்களிடம் சோதித்தே இன்சுலினைக் கண்டார்கள். 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாகப் போடப்பட்டது.

பூனைக்கு வரும் வியாதி, நமக்கு நடுவயதில் வரும் இரண்டாம் வகையை ஒத்தது. அப்படிப்பட்ட நோயாளிகளின் கணையத்தில் படியும் ஒரு வகைப் புரதம் இன்னது என்று 1987-ல் சுவீடன் நாட்டு வெஸ்டர்மார்க் குழுவினர் கண்டறிந்தனர். மனிதக் கணையக் கட்டியிலும், சர்க்கரை வியாதிப் பூனையின் கணையத்திலும் ஒரே புரதம் இருந்தது.

வீட்டுச் சோதனையும் புதிதல்ல. அந்த நாளில் பெனடிக்ட் திரவத்தில் சில சொட்டுச் சிறுநீரை விட்டுக் கொதிக்க வைத்து, நீலம் பச்சையாகிறதா, செங்கல் நிறமாகிறதா என்று பார்த்தவர்கள் நம் பெரியவர்கள். ஆனால் சர்க்கரை இறங்கிப்போனதை அந்தச் சோதனை காட்டாது. ரத்தத்தில் மனிதருக்கு ஏறத்தாழ 180-ஐயும், பூனைக்கு 250-ஐயும் தாண்டிய பிறகே சிறுநீரில் சர்க்கரை தெரியும். 41-ஐக் காட்ட ரத்தத் துளிதான் வேண்டும்.

ஊசி நிற்கவும் கூடும்

பூனைகளுக்கு ஒரு நல்ல காலமும் உண்டு. ஆரம்பத்திலேயே இன்சுலினும் தகுந்த உணவும் கொடுத்தால், சில பூனைகளுக்குச் சில மாதங்களில் ஊசியே வேண்டாத நிலை வருகிறது. அது வந்ததை அறியாமல் ஊசியைத் தொடர்ந்தால் ஆபத்து. அதற்கும் வீட்டுக் கணக்குதான் சாட்சி. மணிக்கு இப்போது பாதி அளவு மருந்தே போகிறது. பின்னங்கால் நிமிர்ந்து, திண்ணைச் சுவர் வரை தாவுகிறது.

இந்தப் பக்கத்தில் பிராணி வைத்தியத்துக்குக் குறைவில்லை. திருப்பதிக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1955-ல் தொடங்கியது. இன்று அது 2005-ல் அமைந்த ஸ்ரீ வெங்கடேசுவரா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. ஊர்ப்பக்கம் போகிறவர்களுக்குச் சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கல்லூரி இருக்கிறது. வைத்தியரைக் கேளாமல் அளவை மாற்றக்கூடாது. அவரிடம் போகும்போது நோட்டையும், மருந்துக் குப்பியையும், சிரிஞ்சையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

அம்மாள் வீட்டுக் குளிர்பெட்டியின் கதவில் இப்போது ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. மகன் தம் கையால் எழுதியது: "குப்பியில் எண்ணைப் பார். மூடியின் நிறத்தைப் பார். ரத்தக் கணக்கைப் பார். பிறகு ஊசி போடு."