உடலின் கடிகாரமும் உள்ளத்தின் கணக்கும்

பிழைப்பை நாடியும் கல்வியை நாடியும் தமிழ்நாட்டை விட்டு வந்து மும்பை, தில்லி, கொல்கத்தா முதலிய நகரங்களில் குடியேறிய தமிழர் பலர். அவர்களோடு ஆண்டுதோறும் புதிதாக வந்து சேரும் இளைஞரும் இளம்பெண்களும் பலராவர். இவர்கள் கொண்டுவரும் பெட்டியையும் படுக்கையையும் எல்லோரும் பார்க்கிறோம். நம் கண்ணில் படாத சுமை ஒன்றும் அவர்களிடம் உண்டு. அவர்கள் தம்மிடம் தாமே எதிர்பார்க்கும் செயல்களின் நீண்ட பட்டியலே அது. ஆறு மாதத்தில் இவ்வூர் மொழியைச் சரளமாகப் பேச வேண்டும். முதலாண்டிலேயே மேலதிகாரியின் பாராட்டைப் பெற வேண்டும். வீட்டுக் கடனை அடைக்க வேண்டும். தங்கையின் கல்விக்குப் பணம் அனுப்ப வேண்டும். மாலையில் மேற்படிப்பும் படிக்க வேண்டும்.

இவற்றுள் தகாத விருப்பம் ஒன்றுமில்லை. ஆயினும், இத்தனையையும் செய்து முடிக்க வேண்டியது எதுவோ, அதற்கு இப்பட்டியலில் இடமே இல்லை. நாம் குறிப்பிடுவது உடலைத்தான். ரயில் இரண்டு நாளில் நம்மைத் தில்லியில் இறக்கிவிடுகிறது. உடலோ அவ்வளவு விரைவில் ஊர் மாறுவதில்லை. அதன் இயல்பை அறிந்து, அதற்கேற்ப நம் எதிர்பார்ப்புகளை அமைத்துக்கொள்வது எவ்வாறு என்பதை இங்கே ஆராய்வோம்.

நம் உடலுக்குள் ஏறக்குறைய 24 மணி நேரத்துக்கு ஒரு முறை சுழலும் கடிகாரம் ஒன்று உண்டு. உறக்கம், பசி, உடற்சூடு ஆகியவை அதன் போக்கையே பெரிதும் பின்பற்றுகின்றன. உயிரணுக்களுக்குள் இக்கடிகாரம் இயங்கும் முறையைப் பழ ஈக்களைக் கொண்டு ஆராய்ந்து விளக்கிய ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் என்னும் மூன்று அமெரிக்க அறிஞர்களுக்கு 2017ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. மனிதரிடத்தில் தலைமைக் கடிகாரம் மூளையின் அடிப்பகுதியில் அமைந்திருக்கிறது. கண்வழியே புகும் வெளிச்சம், சிறப்பாகக் காலை வெளிச்சம், அதனை நாள்தோறும் திருத்தி வைக்கிறது.

வெளிமாநிலத்தில் வாழ்வோர் இதைத் தெரிந்துகொள்வதில் தனிப் பயன் உண்டு. நாடு முழுமைக்கும் நமக்கு ஒரே நேரம். கதிரவனுக்கோ ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு நேரம். தீர்க்கரேகை ஒரு பாகை மாறினால் கதிரவன் எழும் நேரம் நான்கு நிமிடம் மாறும். ஆதலால் கொல்கத்தாவில் விடிந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழிந்த பின்னரே மும்பையில் விடிகிறது. சென்னை இவ்விரண்டுக்கும் இடையில் உள்ளது. மேலும், வடக்கே செல்லச் செல்லப் பருவத்துக்கேற்பப் பகலின் நீளம் பெரிதும் மாறுபடும். சென்னையில் டிசம்பர் மாதத்துக் குறும்பகலும் 11 மணி நேரத்துக்கு மேற்பட்டதே. தில்லியில் அது 10 மணி நேரத்தைச் சற்றே தாண்டுகிறது. ஜூன் மாதத்திலோ தில்லியின் பகல் ஏறத்தாழ 14 மணி நேரம் நீள்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டு முழுதும் ஒரே சீராக விடிவதைக் கண்டு வளர்ந்த ஒருவர், தில்லியின் முதற் குளிர்காலத்தில் படுக்கையை விட்டு எழ வருந்துவாராயின், அதனைச் சோம்பல் என்று அவர் தம்மைத் தாமே ஏசிக்கொள்ள வேண்டியதில்லை. இருபது வயதை ஒட்டிய பருவத்தில் உடற்கடிகாரம் சற்றுப் பின்தங்கி ஓடுவதும் இயற்கையே.

இதற்கு மருந்து வேண்டுவதில்லை, ஒழுங்கு வேண்டும். விடுமுறை நாளிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழுவதும், எழுந்தவுடன் சிறிது நேரம் வெளிச்சத்தில் நடப்பதும், இரவில் கைப்பேசியைப் படுக்கைக்கு அப்பால் வைப்பதும் கடிகாரத்தைச் சீராக்கும். காப்பியிலும் தேநீரிலும் உள்ள காஃபீன் பாதியளவு குறைவதற்கே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆகவே மாலை ஆறு மணிக்குப் பருகிய காப்பி, இரவு பதினொரு மணிக்கும் பாதி பலத்துடன் விழித்திருக்கிறது. இரவுப் பணியில் உள்ளோர், பகலில் அறையை நன்கு இருட்டாக்கி, நாள்தோறும் ஒரே நேரத்தில் உறங்க முயல்வது நலம்.

வயது வந்தோருக்கு ஏழு மணி நேர உறக்கமேனும் தேவை என்பது மருத்துவர் கருத்து. அதனைக் குறைத்துக்கொண்டு உழைப்பதைப் பெருமையாகக் கருதுவோர் உண்டு. ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் இருவர் 1997ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு அவர்கள் அறியத்தக்கது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு சாராயம் கலந்தவரின் திறன் அளவுக்குத் தாழ்கிறது என்று அவர்கள் கண்டனர். காலை ஆறு மணிக்கு எழுந்தவர் இரவு பதினொரு மணிக்குப் பிறகும் கணக்கேடு எழுதுவாராயின், அவர் எழுதும் கணக்கு எத்தகையது என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

அடுத்தது உணவு. திருக்குறளின் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மருந்துகளின் பெயர்களைத் தேடுவோர் ஏமாறுவர். முன் உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பதைப் பற்றியே அதன் பெரும்பகுதி பேசுகிறது. தனியாகச் சமைத்து உண்போரிடம் இதற்கு நேர்மாறான வழக்கத்தைக் காண்கிறோம். காலையில் பட்டினி, நண்பகலில் கிடைத்தது, இரவில் பசி மிகுந்து அளவுக்கு மேல் உண்டு உடனே படுக்கை. ஊர்ச் சமையல் இங்கே கைகூடாது என்று சலிப்பதும் தேவையில்லை. நம் கம்பே வடக்கில் பாஜ்ரா எனப்படுகிறது. நம் கேழ்வரகே மராட்டியத்தில் நாச்சணி. கொண்டைக்கடலையும் தயிரும் கிடைக்காத ஊர் இல்லை. காலையில் ஒரு குவளைக் கேழ்வரகுக் கஞ்சியும் மோரும் செய்துகொள்ளக் கால் மணி நேரம் போதும்.

வாரத்துக்கு 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. நாளொன்றுக்கு அரை மணியாக ஐந்து நாள் விரைந்து நடந்தால் இக்கணக்கு நிறைவேறும். பேருந்திலிருந்து ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்குவோர்க்கு அதில் பாதி தானே அமைந்துவிடும். தில்லிவாசிகள் குளிர்காலத்து நண்பகலில் வெயிலில் அமர்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டே உரையாடுவதை நாம் காண்கிறோம். அவ்வழக்கத்தை நாமும் மேற்கொள்ளலாம். எலும்புக்கு உறுதியளிக்கும் வைட்டமின் டி நம் தோலில் உண்டாவது வெயிலினால்தான். மொழி பழகவும் அதனினும் நல்ல பள்ளி வேறில்லை.

இனி, உள்ளத்தின் கணக்குக்கு வருவோம். அமெரிக்க உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலில், ஒருவர் தம்மைப் பற்றிக் கொள்ளும் மதிப்பை ஒரு பின்னமாகக் காட்டினார். அடைந்த வெற்றி மேலே நிற்கும் எண். அடைய விரும்பியவை கீழே நிற்கும் எண். மேலெண்ணைக் கூட்டினாலும் பின்னம் உயரும். கீழெண்ணைக் குறைத்தாலும் உயரும். பத்துச் செயல்களை மேற்கொண்டு நான்கில் வென்றவர் தம்மைத் தோற்றவராக எண்ணி வருந்துகிறார். ஐந்தை மட்டும் மேற்கொண்டு நான்கில் வென்றவர் மனநிறைவோடு உறங்குகிறார். இருவரும் செய்த வேலை ஒன்றே.

அப்படியானால் குறிக்கோளே வேண்டாமா, இது சோம்பலுக்கு வழிவகுக்காதா என்று சிலர் வினவக்கூடும். விருப்பங்களைக் கைவிடுக என்று நாம் கூறவில்லை. அவற்றை வரிசைப்படுத்துக என்றே கூறுகிறோம். இவ்வாண்டுக்கு உரியவை எவை, பின்னர்ச் செய்யக்கூடியவை எவை என்று ஒரு தாளில் பிரித்து எழுதுவது நலம். எழுதும்போது மற்றொன்றும் தெளிவாகும். வீட்டார் நம்மிடம் உண்மையிலேயே கேட்டது எது, அவர்கள் கேட்டதாக நாமே கருதிக்கொண்டது எது என்பது விளங்கும். மகன் மாதந்தோறும் பணம் அனுப்ப வேண்டும் என்று ஒரு தாய் விரும்பலாம். அவன் இரவு உணவை விட்டு அதனை அனுப்ப வேண்டும் என்று எந்தத் தாயும் விரும்பியதில்லை. வாடகையையும் உணவுச் செலவையும் முதலில் ஒதுக்கிய பிறகே ஊருக்கு அனுப்பும் தொகையை வரையறுப்பது, குடும்பத்தின் மீது கொண்ட அன்புக்குக் குறைவாகாது. உழைப்பவர் நோயுற்றால் அனுப்பும் தொகையும் நின்றுவிடும் அன்றோ?

இவ்வளவும் செய்தும் உள்ளம் தேறாத நிலை சிலருக்கு ஏற்படுவதுண்டு. இரண்டு வாரத்துக்கு மேலாகச் சோர்வு நீங்காமல், உறக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமின்றி, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணமும் எழுமாயின், அது மனவலிமைக் குறைவன்று. மருத்துவம் வேண்டும் நோயாகும். நடையும் கஞ்சியும் அதற்குத் துணை செய்யுமேயன்றி மருத்துவரின் இடத்தை நிரப்பா. இந்திய அரசு 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய ‘டெலி மானஸ்’ என்னும் தொலைபேசி உதவியை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி நாடலாம். தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் அங்கே உரையாட வழியுண்டு. துன்பத்தைத் தாய்மொழியில் சொல்ல முடிவது, அயலூரில் இருப்போர்க்குப் பேருதவியாகும்.

மூத்தோருக்கும் இதில் கடமை உண்டு. அண்மையில் ஊரிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் நம் தெருவில் இருப்பாராயின், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், இரவு எத்தனை மணிக்கு உறங்குகிறாய், காலையில் என்ன உண்டாய் என்று கேட்போமாக. ஞாயிற்றுக்கிழமையில் ஒரு வேளை உணவுக்கு அவரை வீட்டுக்கு அழைப்போமாக.