கண்ணுக்குத் தப்பிய வேர்க்குழல்

நரம்பை எடுத்த பல்லில் வலி ஏன்?

சில ஆண்டுகளுக்கு முன் வேர்ச் சிகிச்சை செய்து உறையும் போட்டுக்கொண்ட கடைவாய்ப் பல், ஒரு நாள் முறுக்கைக் கடிக்கும்போது சுருக்கென்று வலிக்கக் கண்டு பல் வைத்தியரிடம் வருகிறவர்கள், "நரம்பைத்தான் எடுத்தாயிற்றே, பிறகு வலி எங்கிருந்து வந்தது?" என்று கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. பேச்சுவழக்கில் நாம் நரம்பு என்று சொல்வது, பல்லின் நடுவறையிலிருந்து வேர் நுனிவரை இறங்கும் பற்கூழை. அதை முற்றும் அகற்றிய பின்னரும், வேரைத் தாடையெலும்போடு பிணைக்கும் மெல்லிய இழைகளும், அந்த எலும்பும் உயிரோடுதான் இருக்கின்றன. வேருக்குள் எஞ்சிய கிருமிகளின் விஷம் நுனி வழியே கசிந்து அவற்றைத் தீண்டும்போது வலியும் வீக்கமும் தோன்றுகின்றன.

இதற்கெல்லாம் மூலகாரணம் கிருமிகளே என்பதை, 1965-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள் காகெஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் ஆகிய மூவரும் எலிகளைக்கொண்டு நிரூபித்தார்கள். சாதாரண எலிகளின் பற்கூழைத் திறந்து வைத்தபோது அது அழுகிச் சீழ் பிடித்ததென்றால், கிருமியே அண்டாத சூழலில் வளர்ந்த எலிகளிலோ அது அழியாது ஆறத் தொடங்கியது.

வேருக்குள் இருக்கும் வழிகள்

படத்தில் வரைவதுபோல, பற்கூழ் இறங்கும் குழல்கள் வேருக்கு ஒன்றாக நேராக அமைந்திருக்குமானால் வைத்தியரின் வேலை எளிதாகிவிடும்; இயற்கையோ அவ்வாறு அளந்து கொடுப்பதில்லை. மேல் தாடையின் முதற் கடைவாய்ப் பல்லுக்கு வேர்கள் பெரும்பாலும் மூன்றே. ஆயினும், கன்னப்பக்கத்து முன்வேரில் இரண்டாவது குழலொன்று ஒளிந்திருப்பதால், பாதிக்கும் மேற்பட்ட பற்களில் குழல்கள் நான்காகிவிடுகின்றன. கீழ்த் தாடையின் முதற் கடைவாய்ப் பல்லில் சிலருக்கு மூன்றாவது வேரொன்று நாக்குப் பக்கமாக வளைந்து நிற்கும். கீழ்த் தாடையின் இரண்டாங் கடைவாய்ப் பல்லிலோ வேர்கள் ஒன்றாய் இணைந்து, குழல்கள் தனித்தனித் துளைகளாக அன்றிப் பிறைபோல் வளைந்த ஒரே பிளவாகக் காணப்படுவதுமுண்டு. குக், காக்ஸ் என்ற இருவர் 1979-இல் விவரித்த இவ்வமைப்பு, சீனர், கொரியர் முதலிய கிழக்காசிய மக்களிடம் மிகுதி.

எனவே கிருமிகள் எஞ்சி நிற்கும்படி ஒரு குழல் விடுபட்டதென்றால், முதலில் சிகிச்சை செய்தவர் அசட்டையாக இருந்தார் என்று தீர்மானித்துவிடுவது பொருந்தாது. சாதாரண எக்ஸ்ரே, கன அளவுள்ள பொருளைத் தட்டையான நிழலாக்கிக் காட்டுவது. ஒரு குழலின் பின்னே மற்றொன்று நின்றால் இரண்டும் ஒன்றாகவே தெரியும். வயதேற ஏறக் குழலின் வாய் சுருங்கி, பற்திசுவால் மூடப்பட்டும் போகும்.

கவனிக்க வேண்டிய குறிகள்

கடிக்கும்போது வலி, ஈறில் சிறு கொப்புளம் தோன்றிச் சீழ் வடிந்து மறைந்து மீண்டும் வருதல், முக வீக்கம், உறை தளர்தல் ஆகியவை முக்கியமான குறிகள். யாதொரு வலியுமின்றி எக்ஸ்ரேயில் மட்டும் வேர் நுனியில் கருநிழல் தெரிவதுமுண்டு. மாத்திரையால் இந்நோய் தீர்ந்துவிடாது. இரத்த ஓட்டமற்ற குழலுக்குள் மருந்து போய்ச் சேர வழியில்லையன்றோ?

மறுசிகிச்சை நடைபெறும் விதம்

பல்லை முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேன் இப்போது பெருந்துணை. வைத்தியர் உறையைக் கழற்றியோ துளைத்தோ உள்ளே சென்று, மலாய் நாட்டு மரத்தின் பாலிலிருந்து கிடைக்கும் கட்டாபெர்ச்சா என்னும் பழைய நிரப்புப் பொருளை அகற்றுவார். நுண்ணோக்கியின் ஒளியில் அறையின் அடித்தளத்தை ஆராய்ந்து, மறைந்த வாயைக் கண்டுபிடிப்பார். பிறைவடிவக் குழலின் மடிப்புகளில் ஊசிபோன்ற கருவி முழுவதும் எட்டாதாகையால், அங்கே சோடியம் ஹைப்போகுளோரைட்டுக் கரைசலை அதிர்வூட்டிக் கழுவுவதே பிரதானம். பின்னர்க் குழல்கள் இடைவெளியின்றி நிரப்பப்படும். சிகிச்சையில் கருவி முறிதல், வேர்ச்சுவர் துளைபடுதல் ஆகிய அபாயங்களும் உண்டு.

இவ்வழி பலிக்காதபோது ஈறைத் திறந்து வேர் நுனியை வெட்டியெடுக்கும் அறுவை முறை உண்டு. வேர் நெடுக்காகப் பிளந்திருந்தாலோ பெரும்பாலும் பல்லைப் பிடுங்குவதைத் தவிர மார்க்கமில்லை.

நோயாளியின் கடமை

சிகிச்சை முடிந்ததும் தாமதமின்றி உறை போட்டுக்கொள்ள வேண்டும். மேலிருந்து எச்சில் கசிந்தால் பட்ட பாடெல்லாம் வீணாகும். எலும்பு மெல்ல வளர்வதாகையால், ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நன்று. இவற்றுக்கெல்லாம் முன்பாக, வலி பொறாமல் "பிடுங்கிவிடுங்கள்" என்று சொல்ல வாயெடுக்கும் வேளையில், "இந்தப் பல்லில் குழல்கள் எத்தனை? அவற்றில் நிரப்பப்பட்டவை எத்தனை?" என்று வைத்தியரைக் கேளுங்கள். இரண்டு எண்களும் ஒன்றாக இல்லையெனில், அந்தப் பல்லுக்கு இன்னும் ஒரு வழி மிச்சமிருக்கக்கூடும்.