உறைமண் கற்பிக்கும் பாடம்

"குளிர் நாட்டில் கொஞ்சம் வெயில் கூடினால் நல்லதுதானே?"

தென்னூரிலும் உறையூரிலும் சித்திரை வெயிலைத் தாங்கி வளரும் நமக்கு இப்படித் தோன்றுவது இயல்பே. ஆண்டில் பெரும்பகுதி பனி மூடிக் கிடக்கும் நிலத்தில் பனி சற்று விலகினால் புல் முளைக்கும், பூ மலரும், விலங்குகளுக்குத் தீனி கிடைக்கும் என்று எண்ணுகிறோம். இந்த எண்ணம் சரிதானா என்பதை நேரில் சென்று, மண்ணைக் குத்தி அளந்து, செடிகளை எண்ணிக் கணக்கெடுத்துக் கற்கும் வகுப்புகள் உலகின் வடகோடியில் நடைபெறுகின்றன. அவற்றைப் பற்றியும், அவற்றிலிருந்து திருச்சி மாணவியராகிய நாம் அறியவேண்டியதைப் பற்றியும் இங்கே காண்போம்.

வடகோடியில் ஒரு கல்விக்கூடம்

நார்வே நாட்டுக்கு வடக்கே, ஆர்க்டிக் பெருங்கடலில், ஸ்வால்பார்டு என்னும் தீவுக்கூட்டம் உள்ளது. நம் திருச்சி ஏறத்தாழ 11 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஸ்வால்பார்டின் முக்கிய ஊராகிய லாங்யியர்பியனோ 78 பாகையில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே 8,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம். அங்கே ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்டு மூன்றாம் வாரம் வரை சூரியன் மறைவதே இல்லை. அக்டோபர் இறுதியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை அது உதிப்பதே இல்லை. நிழல் தரும் மரம் ஒன்றுகூடக் கிடையாது. துருவ வில்லோ என்னும் செடி சில சென்டிமீட்டர் உயரமே வளர்ந்து, நம் ஊர் நெருஞ்சியைப் போலத் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும். பூகோளப் பாடத்தில் நாம் படிக்கும் தூந்திரப் பிரதேசம் இதுவே.

இவ்வூரில் 1993-ஆம் ஆண்டு ஸ்வால்பார்டு பல்கலைக்கழக மையம் தொடங்கப்பட்டது. உயிரியல், நிலவியல், புவி இயற்பியல், தொழில்நுட்பம் ஆகிய நான்கு துறைகள் இங்கு உள்ளன. பல நாட்டு மாணவரும் வந்து சேருகின்றனர். இங்கு முதற்பாடம் புத்தகத்தில் இல்லை. உயிரைக் காத்துக்கொள்ளும் பயிற்சியே முதற்பாடம். ஊர் எல்லையைத் தாண்டினால் பனிக்கரடி எதிர்ப்படலாம். ஆகவே துப்பாக்கியைக் கையாளவும், பனிப்பாளத்தின் பிளவில் விழுந்தவரை மீட்கவும் கற்றுக்கொண்ட பின்னரே மாணவர் களத்துக்குச் செல்கின்றனர்.

மண்ணைக் குத்தி அறிதல்

வடதுருவப் பகுதியில் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து உறைந்தே கிடக்கும் மண்ணை உறைமண் என்கிறோம். லாங்யியர்பியனுக்கு அருகிலுள்ள அட்வென்ட் பள்ளத்தாக்கில் இது சுமார் 100 மீட்டர் ஆழம் வரை இறங்குகிறது. கோடையில் இதன் மேற்பரப்பு மட்டும் ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்துக்கு இளகும். குளிர்காலத்தில் அது மறுபடியும் உறைந்துவிடும்.

இளகிய ஆழம் எவ்வளவு என்று எப்படி அறிவது? முறை மிகவும் எளியது. அளவு குறித்த ஓர் இரும்புக் கம்பியை மண்ணுக்குள் அழுத்துவார்கள். உறைந்த மண்ணில் 'டக்' என்று முட்டி நிற்கும். அதுவே அளவு. ஆனால் 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்ற பழமொழி இங்கே செல்லாது. ஈரமான இடத்தில் ஓர் ஆழம், பாசி மூடிய இடத்தில் வேறோர் ஆழம். ஆகையால் அப்பள்ளத்தாக்கில் 100 மீட்டர் சதுர நிலத்தில், பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில், 121 இடங்களைக் குறித்து 2000-ஆம் ஆண்டு முதல் அளந்து வருகின்றனர். ஓராண்டின் அளவு ஒரு செய்தி மட்டுமே. பல்லாண்டு அளவுகளே உண்மையைப் புலப்படுத்தும்.

கூரையில்லாக் கண்ணாடிக் குடில்

நாளைய வெப்பத்தில் செடிகள் எப்படி வாழும் என்பதை இன்றே அறிய ஒரு வழி உண்டு. 1990-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட உலகத் தூந்திர ஆய்வுத் திட்டத்தில் பல நாடுகளும் ஒரே முறையைக் கையாள்கின்றன. ஒளி ஊடுருவும் பலகைகளைச் சாய்வாக நிறுத்தி, மேற்புறம் திறந்த சிறு குடில்களைச் செடிகளைச் சுற்றி அமைக்கிறார்கள். காற்று தடுக்கப்படுவதால் உள்ளே ஒன்று முதல் மூன்று டிகிரி வரை வெப்பம் கூடுகிறது. குடிலுக்குள் இருக்கும் செடியையும் வெளியில் இருக்கும் செடியையும் ஒப்பிட்டு, எது முதலில் பூத்தது, எது உயர்ந்தது, எது குறைந்தது என்று குறித்துக்கொள்கிறார்கள். பல இடங்களில் குறுஞ்செடிகள் உயர்ந்து வளர, அவற்றின் நிழலில் பாசிகளும் லைக்கன்களும் குறைந்ததைக் கண்டிருக்கின்றனர். ஒன்றின் வளர்ச்சி மற்றொன்றின் தேய்வாக முடிகிறது!

மழை கொண்டுவந்த பஞ்சம்

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் வண்டி இழுத்துச் செல்லும் பனிமானை நாம் அறிவோம். ஸ்வால்பார்டில் குட்டைக்கால்களை உடைய தனி இனப் பனிமான் வாழ்கிறது. கோடை நீண்டால் அதற்கு மேய்ச்சல் மிகுதி. இதுவரை நம் எண்ணம் சரியே. ஆனால் குளிர்காலமும் வெதுவெதுப்பாகும்போது, பனி விழவேண்டிய நாளில் மழை பெய்கிறது. அந்த நீர் தரையில் உறைந்து, கண்ணாடி போலச் செடிகளை மூடிவிடுகிறது. பஞ்சுபோன்ற பனியைக் குளம்பால் கிளறி மேயும் மான், இந்தக் கட்டிப் பனியை உடைக்க இயலாமல் பட்டினி கிடக்கிறது. 2012-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இவ்வாறு பெருமழை பெய்து, பனிமான்கள் பட்டினியால் மடிந்தன. நம் ஊரில் மழை பொய்த்தால் பஞ்சம். அங்கோ மழை பெய்தால் பஞ்சம்!

நமக்கு என்ன?

எங்கோ ஒரு தீவில் மண் இளகினால் தென்னூருக்கு என்ன என்று கேட்கலாம். குளிர்பதனப் பெட்டியில் வைத்த உணவு கெடுவதில்லை. மின்சாரம் நின்றுவிட்டால் கெடத் தொடங்குகிறது. உறைமண்ணும் அத்தகைய பெட்டியே. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மடிந்த செடிகொடிகள் அதில் மக்காமல் கிடக்கின்றன. வடபுல உறைமண் பகுதிகளில் தங்கியுள்ள கரிமம் ஏறத்தாழ 1.5 லட்சம் கோடி டன் என மதிப்பிட்டுள்ளனர். இது வளிமண்டலத்தில் உள்ள கரிமத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. மண் இளகினால் நுண்ணுயிர்கள் விழித்துக்கொண்டு அவற்றை மக்கச் செய்கின்றன. கரியமில வாயுவும் மீத்தேனும் வெளிப்படுகின்றன. காற்றுக்கு மதில் சுவர் கிடையாது. அங்கே எழுந்த வாயு உலகம் முழுவதையும் சூடாக்கும். காவிரிக் கரையும் அதற்கு விலக்கன்று. 1979-ஆம் ஆண்டிலிருந்து ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடேறி வந்திருக்கிறது என்பதை எண்ணும்போது கவலை மிகுகிறது.

நம் நாடும் வாளாவிருக்கவில்லை. 2008-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், ஸ்வால்பார்டின் நீ-ஓலசுண்டில் 'ஹிமாத்ரி' என்னும் இந்திய ஆய்வு நிலையம் திறக்கப்பட்டது. 2014-இல் அருகிலுள்ள கடற்கழியின் நீரில் வெப்பத்தையும் உப்புத்தன்மையையும் பதிவு செய்யும் கருவித் தொடர் இறக்கப்பட்டது. 2023 டிசம்பரில் குளிர்கால ஆய்வுக் குழுவும் சென்றது. இது பெண்களுக்கு எட்டாத துறையும் அன்று. 1983-ஆம் ஆண்டுப் பயணக் குழுவிலேயே அதிதி பந்த், சுதீப்தா சென்குப்தா என்னும் இரு பெண் விஞ்ஞானிகள் தென்துருவக் கண்டத்தில் கால் பதித்துவிட்டனர்.

நம் ஊரிலேயே களம்

களம் தேடித் துருவத்துக்குத்தான் செல்லவேண்டும் என்பதில்லை. நம் திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-ஆம் ஆண்டு ராபினாட் உலர்தாவரத் தொகுப்பகம் நிறுவப்பட்டது. அதனை உருவாக்கிய அருட்தந்தை கே. எம். மேத்யூ, சே.ச., தமிழகத்தின் சமவெளிகளிலும் பழனி மலையிலும் நடந்து நடந்து செடிகளைச் சேகரித்தவர். உலர்ந்த செடி ஒட்டிய தாள் ஒவ்வொன்றிலும் எடுத்த இடமும் நாளும் எழுதப்பட்டிருக்கும். அன்று அச்செடி பூத்திருந்ததா, காய்த்திருந்ததா என்பதைச் செடியே காட்டும். இன்றைய நிலையோடு ஒப்பிட அதைவிட வேறு சான்று வேண்டுமா? எழுதி வைத்தவர் மறைந்தாலும் எழுத்து நிற்கிறது.

நாமும் இன்றே தொடங்கலாம். தமிழ்ப் புத்தாண்டுக்குப் பச்சடி செய்ய வேப்பம்பூ வேண்டும். நம் தெரு வேம்பு இவ்வாண்டு எந்த நாளில் முதல் பூ விட்டது? சரக்கொன்றை எப்போது பொன்னாய்ப் பூத்தது? இவற்றை ஒரு குறிப்பேட்டில் வாரந்தோறும் எழுதுவோம். இவ்வாறு மரங்களை உற்றுநோக்குவோருக்காகவே 'சீசன்வாட்ச்' என்னும் திட்டம் நம் நாட்டில் 2010 முதல் நடைபெறுகிறது. ஆறாம் வகுப்புத் தங்கை தொடங்கும் குறிப்பேடு, அவள் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும்போது ஏழாண்டுச் சான்றாகிவிடும். பின்வரும் தங்கை அதைத் தொடரலாம்.

வெயில் கூடினால் நல்லதா என்ற கேள்விக்கு ஊகத்தால் விடை சொல்ல இயலாது. அதே இடத்துக்கு மீண்டும் மீண்டும் சென்று, பொறுமையாக அளந்து, உள்ளது உள்ளபடி எழுதுகிறவர்களே விடை சொல்ல வல்லவர்கள். அத்தகையோர் வரிசையில் நம் பள்ளி மாணவியரும் இடம்பெறுவார்களாக!